ஏழாம் அத்தியாயம்: காம்பவுண்டுக்குள் ஆர்க்கிட்

ஆர்க்கிட் வளர்க்கக் கண்ணாடிக் கூடம் வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அது பனி கொட்டும் ஊர்களுக்கான ஏற்பாடு. மைசூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் சராசரியாக 16 டிகிரி, ஏப்ரல் பகலில் 34, 35. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதுவும் மே மாத இடிமழையில் ஆரம்பித்து அக்டோபர் வரை பிரித்துப் பிரித்துப் பெய்கிறது. வெப்பநாட்டு ஆர்க்கிட்டுகளில் பலவும் இந்த வரம்புக்குள் திறந்த வெளியிலேயே பிழைத்துக்கொள்ளும்.

அப்படியிருந்தும் மைசூருவின் விஜயநகரில் வாங்கி வந்த செடி ஆறு மாதத்தில் அழுகிப் போகிறதென்றால், காரணம் பெரும்பாலும் வெயிலோ குளிரோ இல்லை. அதைத் துளசிச் செடியாக நினைத்து நடத்துவதுதான். சட்டி நிறையச் செம்மண், தினம் ஒரு சொம்புத் தண்ணீர். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். செடியைத் தேர்ந்தெடுப்பது, தொங்கவிடும் இடம், சட்டி, உரம் என்று இந்த அத்தியாயத்தில் வரும் எல்லாமே அந்த ஒன்றை ஒட்டியே போகும்.

தெரு மரம் சொல்வது

நர்சரிக்குப் போகுமுன் அண்ணாந்து பாருங்கள். மைசூரு மாவட்டத்தின் இலையுதிர் காடுகளிலும் பழைய சாலையோர மரங்களிலும் வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட் தானாக வளர்கிறது. வார் வாராக இரண்டு வரிசை இலை, கயிறு திரித்ததுபோல் பட்டையோடு ஓடும் வேர். கோடையில் பூக்கும். இதழில் பழுப்புக் கட்டம் போட்டிருக்கும், உதடு மட்டும் ஊதா. கிட்டப் போனால் நல்ல மணம். 1820-இல் ராபர்ட் பிரவுன் வாண்டா பேரினத்தை வகுத்தபோது அடிப்படையாக வைத்துக்கொண்டது இந்தச் செடியைத்தான். தாய்லாந்திலிருந்து வந்து நர்சரிகளில் தொங்கும் நீல, ஊதா வாண்டாக்களுக்கெல்லாம் இது சொந்தக்காரச் செடி.

அந்த மரத்தில் அதற்கு யாரும் மண் போடவில்லை, உரம் வைக்கவில்லை, மார்ச் மாதத்தில் தண்ணீர் ஊற்றவும் இல்லை. மழையில் நனைகிறது, அரை மணியில் காய்கிறது, அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. கிளையின் எந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு நேரம் வெயில் படுகிறது, எந்த மரத்தின் பட்டை என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஏற்பாட்டுக்கு அதுவே வரைபடம்.

பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நாகரஹொளே, பந்திப்பூர் போன்ற தேசியப் பூங்காக்களிலிருந்து செடி எடுப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, பெண் காலணி போன்ற பூ விடும் பாஃபியோபெடிலம் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டம் தனிப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. குடகுப் பக்கம் போகும்போது சாலையோரத்தில் விற்கும் மூட்டை ஆர்க்கிட்டும் காட்டிலிருந்து பிடுங்கியதாகவே இருக்கும், வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி அளவுதான். உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. முளைக்க ஒரு பூஞ்சையின் துணை வேண்டும், முளைத்துப் பூக்கப் பல ஆண்டு ஆகும். ஒரு மரத்திலிருந்து பிடுங்கியதைக் காடு சீக்கிரம் ஈடுகட்டாது. ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்த்த கன்றுகள் இப்போது தாராளமாகக் கிடைக்கும்போது அந்தப் பாவம் நமக்கு எதற்கு? மே மாதக் காற்றில் தெரு மரக் கிளை முறிந்து விழுந்து அதில் வாண்டா ஒட்டியிருந்தால் மட்டும் விஷயம் வேறு. கிளையை அறுக்க வரும் மாநகராட்சி ஆட்களிடமோ வனத்துறையிடமோ கேட்டுவிட்டு, பட்டைத் துண்டோடு வாங்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டு இனங்களை ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஊருக்குப் போகும்போது சேலம் வழியாக ஏற்காடு ஏறலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பண்ணை 1960-களிலிருந்து அங்கே இருக்கிறது.

எதை வாங்குவது

தொடக்கத்துக்கு டென்ட்ரோபியம் கலப்பினங்கள். கடைகளில் ‘சோனியா’ என்று விற்கும் வெள்ளை ஊதா வகை கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தக்கது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை பூக்கும், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அடுத்தது ஆன்சிடியம், மஞ்சள் கொத்துப் பூ. கைப்பிடிச் சுவரோரம் முழு வெயில் அடிக்கும் இடம் என்றால் மோக்காரா, எபிடென்ட்ரம். தரையில் நடவேண்டும் என்றால் ஸ்பாத்தோகுளோட்டிஸ். இதற்கு மட்டும் மண் கலந்த இலைமட்குக் கலவை ஆகும். சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமும் வெயில் விரும்பிதான். ஒரு கம்பு நட்டுக் கட்டிவிட்டால் ஆள் உயரம் போகும்.

ஃபெலனாப்சிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரிசாக வரும், வரவேற்பறையில் இரண்டு மாதம் நிற்கும், பிறகு குப்பைக்குப் போகும். மைசூருவில் அப்படிப் போக வேண்டியதே இல்லை. வெப்பம் 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ சில வாரம் இறங்கியிருந்தால்தான் ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடும். சென்னைக்காரர்கள் இதற்காகக் குளிர்சாதன அறையைத் தேட வேண்டும். நமக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வானமே செய்துகொடுக்கிறது. ஆனால் இதன் நடுக்குருத்தில் ஒரு இரவு தண்ணீர் தேங்கினாலும் அழுகும். கூரைக்குக் கீழே, சட்டியைச் சற்றுச் சாய்த்துத் தொங்கவிடுங்கள்.

கலிம்போங், சிக்கிம் பக்கமிருந்து பார்சலில் வரும் பெரிய பூ சிம்பிடியம் வேண்டாம். அதற்கு நம்முடையதைவிட நன்றாகக் குளிர்ந்த இரவுகள் தேவை. இலை தழைக்கும், பூ வராது.

எந்தப் பக்கச் சுவர்

ஆர்க்கிட் குழுக் கூட்டங்களில் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வியும் பதிலும் இப்படித்தான் போகும்.

“ரெண்டு வருஷமாச்சு மேடம். இலை பச்சைப் பசேல்னு இருக்கு, பூ மட்டும் வரவே இல்லை.”

“விஜயநகர்ல எத்தனாவது ஸ்டேஜ்? சட்டி எந்தப் பக்கம் தொங்குது?”

“மூணாவது ஸ்டேஜ். கிழக்குப் பார்த்த வீடு. போர்ட்டிகோவுக்கு உள்ளே தொங்குது.”

“பச்சைப் பசேல்னு இருக்கறதுதாங்க கோளாறு. இலையில கொஞ்சம் மஞ்சள் ஓடணும். வெளியே எடுங்க. ஆனா ஒரே நாள்ல எடுத்துடாதீங்க.”

பூவுக்கு ஒளி வேண்டும். உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். வாண்டாவுக்கு 30,000 முதல் 40,000 லக்ஸ், டென்ட்ரோபியத்துக்கும் கேட்லியாவுக்கும் 20,000 முதல் 30,000, ஃபெலனாப்சிஸுக்கு 10,000 முதல் 15,000 போதும். கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலி இருக்கிறது. துல்லியம் இல்லாவிட்டாலும் வீட்டின் ஒரு மூலையையும் இன்னொரு மூலையையும் ஒப்பிட உதவும். செயலி வேண்டாம் என்றால் நண்பகலில் செடிக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு கத்தரித்தாற்போல் விழுந்தால் வாண்டாவுக்கு ஏற்ற ஒளி, மங்கலாக விழுந்தால் டென்ட்ரோபியத்துக்கு, நிழலே சரியாகத் தெரியவில்லை என்றால் ஃபெலனாப்சிஸுக்கு.

இனி திசை. இதைப் பொதுவான தோட்டப் புத்தகங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலானவை 40, 50 டிகிரி வடக்கே உள்ள ஊர்களுக்கு எழுதப்பட்டவை. அவற்றில் வடக்குச் சன்னல் என்றால் வெயிலே வராத இடம். விஜயநகர் இருப்பது 12.3 டிகிரியில். ஏப்ரல் 23, 24 வாக்கில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் 20 வாக்கில் மறுபடி உச்சிக்குத் திரும்பும். இடைப்பட்ட நான்கு மாதம் வடக்குச் சுவரில் வெயில் விழும், தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். மற்ற எட்டு மாதம் இதற்கு நேர் எதிர்.

இதை நமக்குச் சாதகமாக்கலாம். வடக்குப் பக்க பால்கனியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அதாவது காற்று மிகவும் உலர்ந்திருக்கும்போது, நேர் வெயில் கிடையாது. வெயில் வர ஆரம்பிக்கும் மே மாதத்தில் மழையும் மேகமும் கூடவே வந்துவிடுகின்றன. ஜூன், ஜூலையில் செடி புதுத் தண்டு விடும் காலத்தில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் கிடைக்கிறது. விஜயநகரில் புதிதாக ஆரம்பிப்பவர் எந்தப் பக்கம் என்று கேட்டால் முதலில் கிழக்கு, அடுத்து வடக்கு என்பேன். தெற்கு பால்கனிக்குக் குளிர்காலம் முழுவதும் வெயில் உண்டு. டென்ட்ரோபியம் அதில் நன்றாகப் பூக்கும், ஆனால் பிப்ரவரி பிறந்ததும் ஷேட் நெட் கட்டியாக வேண்டும். மேற்குச் சுவர் கடைசி. பிற்பகல் முழுதும் சூடேறிய சுவர் ராத்திரி ஒன்பது மணிவரை அந்தச் சூட்டைச் செடி மேல் திருப்பி விடும்.

இதிலும் ஒரு நுணுக்கம். முதல் ஸ்டேஜில் மரங்கள் வளர்ந்து நிழல் விரித்த தெருவும், நான்காவது ஸ்டேஜில் சுற்றிலும் காலி மனையாக இருக்கும் வீடும் ஒன்றில்லை. பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பினால் உங்கள் கிழக்கு வெயில் கணக்கு அந்த வருடமே மாறிவிடும். அதனால்தான் குழுவில் ‘எனக்கு வந்தது’ என்று யார் சொன்னாலும் ‘எந்தத் தெரு, எந்தப் பக்கம்’ என்று கேட்காமல் எழுதிக்கொள்ளக் கூடாது.

மொட்டை மாடி என்றால் 50 சதவீத ஷேட் நெட் போதும். பிப்ரவரி நடுவிலிருந்து மே மழை வரை அதன் மேல் இன்னொரு அடுக்கு. வலையை ஒன்பது அடிக்குக் கீழே கட்டினால் அனல் உள்ளேயே தங்கும். தரையில் செங்கல் பரப்பி மாலையில் நனைத்து வைத்தால் இரவில் ஈரப்பதம் ஏறும். இது வெறும் குளிர்ச்சிக்காக இல்லை. வாண்டா, ஃபெலனாப்சிஸ், கேட்லியா போன்றவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரிவளி வாங்குபவை; இரவுக் காற்று உலர்ந்திருந்தால் அந்த வேலை பாதியில் நின்றுபோகும்.

நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றும்போது இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். இலையைத் தொட்டுப் பாருங்கள்: கைக்குச் சுட்டால் இடம் தவறு. வெயில் கருக்கிய இலை வெளுத்து, பிறகு கறுத்துக் காகிதமாகும். அது ஆறாது, ஆனால் வெட்ட வேண்டாம். மிச்சப் பச்சை வேலை செய்துகொண்டிருக்கும்.

வேரும் சட்டியும்

ஒரு வாண்டா வேரைக் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. அதன் மேல் தண்ணீர் தெளித்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல் பச்சையாகி, சில நிமிடத்தில் முழுப் பச்சை ஆகும். வேரைச் சுற்றி வெலமன் என்ற உறை இருக்கிறது. உயிரற்ற செல்களால் ஆன பஞ்சு. அது நீரை உறிஞ்சியதும் ஒளி ஊடுருவி உள்ளிருக்கும் பச்சை தெரிகிறது. பச்சையாகிவிட்டால் அதற்குமேல் ஊற்றும் தண்ணீர் வேருக்கு வேண்டாதது. மறுபடி வெள்ளையாகும் வரை காத்திருக்க வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்ற கேள்விக்கு வேரே பதில் சொல்லும். வேரின் நுனி மட்டும் எப்போதும் பளபளவென்று பச்சையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும்; அப்படியிருந்தால் வேர் வளர்கிறது. நுனியும் வெளுத்து மூடிக்கொண்டால் செடி ஓய்வில் இருக்கிறது, உரத்தை நிறுத்துங்கள்.

இதனால் வாண்டாவுக்குச் சட்டியே தேவையில்லை. வெறும் மரக்கூடையில் உட்காரவைத்து, வேரைக் காற்றில் தொங்கவிடலாம். டென்ட்ரோபியத்துக்கும் கேட்லியாவுக்கும் பக்கவாட்டில் துளை போட்ட மண் சட்டி. செடிக்குச் சட்டி சிறியது என்று பார்ப்பவர்கள் சொன்னால் அளவு சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடுப்புக்கரியும் ஓட்டுச் சில்லும் பாதிப் பாதி, கட்டைவிரல் பருமனில். கரி எங்கே கிடைக்கும் என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள்; மூட்டையாக வாங்கும் இடம் அவருக்குத் தெரியும். கரியைக் கழுவித் தூளை நீக்கிவிட்டுப் போடுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு மலிவுதான், ஆனால் அதில் உப்பு இருக்கும். தினம் நீர் மாற்றி மூன்று நாள் ஊறவைக்க வேண்டும், இரண்டு வருடத்தில் மக்கிப்போகும். மழைச்சாரல் நேராக விழும் இடத்தில் மட்டையைத் தவிர்ப்பது நல்லது. தூளான கோகோ பீட் எக்காரணம் கொண்டும் கூடாது.

தண்ணீரும் உரமும்

காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் அதையே பிடித்துவைத்து ஊற்றலாம். போர் தண்ணீர் என்றால் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள். 150-க்குக் கீழே இருந்தால் அருமை, 300 வரை சமாளிக்கலாம், 500-ஐத் தாண்டினால் வேர் நுனி கருக ஆரம்பிக்கும், சட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் கட்டும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வாசல் கழுவ அது சரி. ஆர்க்கிட்டுக்கு அது நேர் விஷம். வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். 50 சதுர மீட்டர் தளத்தில் 5 மில்லிமீட்டர் மழை பெய்தால் 250 லிட்டர். வழியில் போவது போக 200 லிட்டர் டிரம் ஒன்று நிறைந்துவிடும். கோடையின் முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள், வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள். அக்டோபரில் நிறைத்த இரண்டு டிரம், பத்துப் பதினைந்து செடிக்கு டிசம்பர் வரை வரும்.

ஊற்றுவது காலையில். ராத்திரிக்குள் குருத்தும் இலையிடுக்கும் உலர்ந்திருக்க வேண்டும். வாண்டாவுக்குக் கோடையில் தினம் இரண்டு முறை வேர் பச்சையாகும்வரை தெளிக்க வேண்டியிருக்கும். டென்ட்ரோபியத்துக்கு மார்ச், ஏப்ரலில் நாளுக்கொரு முறை, மழைக்காலத்தில் மேகம் பார்த்து, டிசம்பர் ஜனவரியில் வாரம் இரண்டு முறை.

உரத்துக்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தண்ணீரில் கரையும் 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், வேர் நனைந்த பிறகு, வாரம் ஒருமுறை. நாலாவது வாரம் உரமில்லாமல் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றிச் சட்டியை அலசிவிடுங்கள். செப்டம்பரிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் 13:0:45. மாதத்தில் ஒருநாள் எப்சம் உப்பு சிட்டிகை. வாழைத்தோல் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், புளித்த மோர் எல்லாம் ஆர்க்கிட் சட்டிக்குள் எறும்பையும் பூஞ்சையையும் அழைத்து வருவதற்குத்தான் பயன்படும்.

மரத்தில் கட்டுவது

வீட்டு வாசலில் மா, சப்போட்டா, பலா, ஈழத்தலரி இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பட்டை சொரசொரப்பாக இருக்க வேண்டும், உரியக் கூடாது. கொய்யாவும் யூகலிப்டஸும் பட்டையை உரித்துக்கொண்டே இருப்பவை. கட்டின செடி பட்டையோடு கீழே வந்துவிடும்.

மே மாத மழை இரண்டு மூன்று ஆனபின், செடியின் அடியிலிருந்து புது வேர் அரை அங்குலம் எட்டிப்பார்க்கும் வேளை பாருங்கள். அதற்கு முன்பு கட்டினால் பழைய வேர் பட்டையைப் பிடிக்காது. பிந்தினால் நீண்ட வேர் நுனி கைபட்டு உடையும். தோள் உயரத்தில், கிழக்கு அல்லது வடகிழக்குப் பக்கம், தண்ணீர் தேங்காத சரிவான இடமாகத் தேர்ந்தெடுங்கள். கிளை பிரியும் கவட்டையில் வைக்க ஆசையாக இருக்கும், அங்கே குப்பை சேர்ந்து அழுகும். அடித்தண்டைப் பட்டையோடு ஒட்டவைத்து, பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் இரண்டு சுற்று, அசையாமல். செடி ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் வேர் நுனி பட்டையில் உரசித் தேயும், பிடிப்பே உண்டாகாது. மைசூருவில் ஜூன், ஜூலைக் காற்று லேசுப்பட்டதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கம்பி வேண்டாம், மரத்தையே அறுக்கும். துணி ஒரு வருடத்தில் மக்கிவிடும்; அதற்குள் வேர் பிடித்திருக்கும். தேங்காய் நாரை மெத்தைபோல் அடியில் வைப்பவர்கள் உண்டு. முதல் கோடைக்கு அது உதவும், முதல் மழைக்காலத்தில் அழுக வைக்கும். நான் வைப்பதில்லை.

கட்டிய முதல் மார்ச், ஏப்ரலில் மட்டும் தினம் தண்ணீர் தெளியுங்கள். அடுத்த வருடம் அது பாதி தானே பார்த்துக்கொள்ளும்.

மழைக்கால எதிரிகள்

ஜூன் பிறந்தால் ராட்சத ஆப்பிரிக்க நத்தை. 1847-இல் கல்கத்தாவில் கொண்டுவந்து விட்டது, இப்போது நாடு முழுக்க. பகலில் கண்ணில் படாது; ஒரே இரவில் எல்லா வேர் நுனியையும் பூமொட்டையும் தின்றுவிடும். எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி உப்பு நீர் வாளியில் போடுவதைவிடச் சிறந்த மருந்து இல்லை. காலி மனையை ஒட்டிய வீடு என்றால் தெருவே சேர்ந்து செய்ய வேண்டும், இல்லையேல் நாளைக்கு மறுபடி வரும்.

மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்பு. மாலையில் தெளியுங்கள், வெயிலில் எண்ணெய் இலையைக் கருக்கும். எறும்பு ஏறுகிறதென்றால் எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று தேடுங்கள்.

நாள் முழுக்கத் தூறும் ஜூலையில் கருப்பு அழுகல் வரும். தண்டோ இலையோ ஒரே நாளில் கறுத்து நீர் கோத்துக்கொண்டால் யோசிக்காமல் நல்ல பகுதிவரை அரை அங்குலம் சேர்த்து வெட்டி, வெட்டிய வாயில் லவங்கப்பட்டைத் தூளைப் பூசிக் கூரைக்கடியில் வையுங்கள். வேரில் அந்தத் தூள் படக் கூடாது, வேரையும் உலர்த்திவிடும். தாமிர மருந்தை டென்ட்ரோபியத்தில் தெளிக்காதீர்கள், இலை உதிரும்.

குழுவோடு

பத்துப் பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு, முறைவைத்து ஒவ்வொருவர் வீட்டு மாடி. ஆர்க்கிட் குழுவுக்கு இவ்வளவு போதும். பெங்களூரில் கர்நாடக ஆர்க்கிட் சங்கம் இயங்குகிறது. நல்ல செடி விற்பவர்களின் விவரமும் அனுபவமும் அங்கிருந்து கிடைக்கும். ஆனால் உங்கள் தெருவின் நத்தையையும் காற்றையும் தண்ணீரையும் அறிந்தவர்கள் உங்கள் குழுவில்தான் இருக்கிறார்கள். கூட்டத்தில் பூத்த செடியை மட்டும் கொண்டுவரும் வழக்கம் வேண்டாம். வாடியதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சட்டியைக் கவிழ்த்து வேரைப் பத்துப் பேர் பார்த்தால் கற்பது அதிகம்.

பங்கு போடுவதில்தான் குழுக்கள் சறுக்குகின்றன. டென்ட்ரோபியத் தண்டின் கணுவில் முளைக்கும் கன்று, பிரித்தெடுத்த ஆன்சிடியம் என்று கைமாறிக்கொண்டே இருக்கும். கூடவே வைரஸும் கைமாறும். சிம்பிடியம் மொசைக் வைரஸுக்கு மருந்தே கிடையாது. ஒரு செடியை வெட்டிய கத்திரியால் அடுத்ததை வெட்டினால் சாறு வழியாகத் தொற்றிவிடும். சவரப் பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு செடிக்கு ஒரு துண்டு, வெட்டியதும் தூக்கி எறிந்துவிடுங்கள். கத்திரிதான் வேண்டும் என்றால் கேஸ் அடுப்புத் தீயில் நன்றாகக் காய்ச்சி ஆறவைத்து அடுத்ததைத் தொடுங்கள். வெட்டிய நாளில் நனைக்காதீர்கள். கன்று பிரிக்க அதன் சொந்த வேர் மூன்று அங்குலமாவது இருக்க வேண்டும்; அவசரப்பட்டுக் கேட்பவர்களுக்கு அடுத்த மாதம் என்று சொல்லுங்கள்.

பெயர்ச்சீட்டு இல்லாத செடியைக் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே விதி போட்டுவிடுங்கள். ஆர்க்கிட் கலப்பினங்களின் பெயர்களை லண்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பதிவேட்டில் வைத்திருக்கிறது. பெயர் தெரிந்தால் அதன் தாய் தகப்பனைத் தேடி, வெயில் விரும்பியா நிழல் விரும்பியா என்று கண்டுபிடிக்கலாம். பேனா மை ஒரே மழைக்காலத்தில் வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் சீட்டில் பென்சில். பெயரோடு வாங்கிய மாதம், கொடுத்தவர் வீட்டின் ஸ்டேஜ், தொங்கிய திசை. இவை மூன்றும் இரண்டு மூன்று வருடம் சேர்ந்தால் விஜயநகருக்கென்று ஒரு சொந்தப் பதிவேடு தயார்.

தசரா மலர்க் கண்காட்சி குப்பண்ண பூங்காவில் தோட்டக்கலைத் துறை நடத்துவது. செடி வைக்க ஆசை இருந்தால் முன்கூட்டியே விதிகளை விசாரித்துக்கொண்டு, ஆகஸ்டில் மொட்டு விட ஆரம்பிக்கும் டென்ட்ரோபியங்களைத் தனியே ஒதுக்குங்கள். மொட்டு வந்த பிறகு சட்டியின் திசையை மாற்றினால் பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். பூந்தண்டுக்கு மெல்லிய மூங்கில் குச்சி வைத்துக் கட்டுவது பாதி விரிந்ததும். முன்னால் கட்டினால் வளைவு கெடும். இலையை எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் உப்புக் கறை போகும். எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்குபவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

கொண்டுபோகும் நாளில் ஒரு எச்சரிக்கை. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு ஆர்க்கிட் மொட்டைக் கொட்டிவிடும். ஆயுத பூஜைக்கு வாங்கிய வாழைத்தாரும் உங்கள் பரிசுச் செடியும் கண்ணாடி ஏற்றிய ஒரே காரில் போனால், பூங்கா வாசலில் இறக்கும்போது பழம் மட்டும்தான் நல்ல நிலையில் இருக்கும்.

கண்காட்சியிலிருந்து திரும்பிய செடியை மற்றவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். மற்றவர் செடிகளோடு அத்தனை நாள் நின்றுவிட்டு வந்திருக்கிறது. இரண்டு வாரம் வீட்டின் வேறு பக்கத்தில் தொங்கவிட்டு, இலையின் அடிப்பக்கத்தையும் தண்டு உறையின் உள்ளேயும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் ஸ்பிரிட் பஞ்சு. குழுவில் புதிதாக வாங்கும் செடிக்கும் இதே இரண்டு வாரம்.